தஞ்சையில் நாதம் தங்கும் இடம்

சென்ற மார்கழியில் நமது பள்ளிக்கூடத்து ஆண்டு விழா ஊரிலுள்ள ஒரு கல்யாண மண்டபத்தில் நடைபெற்றது. வழவழப்பான கல் பதித்த தரை, பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல்கள், நான்கு புறமும் சிமெண்டுச் சுவர், மேலே தட்டையான கான்கிரீட் கூரை. கல்யாணத்துக்கு வேண்டிய ஆடம்பரம் எதிலும் குறைவில்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், தலைமுறை தலைமுறையாகத் தவில் வாசிக்கும் குடும்பத்துப் பிள்ளை, கரகரப்பிரியா ராகத்தைச் சிறிது ஆலாபனை செய்து ஒரு கீர்த்தனமும் பாடினான். நல்ல சாரீரம்; வீட்டிலேயே நன்றாகப் பயின்றவன். ஆனால் சபையில் இருந்தவர்களுக்குக் கேட்டது பாட்டு அன்று, ஏதோ பெரிய அண்டாவுக்குள் வண்டு புகுந்துகொண்டது போன்ற ஓர் இரைச்சல். ஒரு ஸ்வரம் அடங்குவதற்குள் அடுத்த ஸ்வரம் வந்து அதன் மேல் விழுந்தது. ஒலிபெருக்கிக்காரர் தம்மால் இயன்ற உபகாரமாக இன்னும் சற்று உரக்க வைத்தார். ஜனங்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

மேடையிலிருந்து இறங்கி வந்த பையன் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டான்: "ஸார், நான் அபஸ்வரமாகப் பாடிவிட்டேனா?"

இல்லை என்று சொன்னோம். அவன் நம்பவில்லை. அன்றிலிருந்து ஒரு மாத காலம் அவன் வாயைத் திறந்து பாடவில்லை என்று அவன் தகப்பனார் வந்து சொன்னபோதுதான், இந்தப் பிரயாணம் மனத்தில் உருவாயிற்று. தை மாதத்தில் திருவையாற்று ஆராதனை வருகிறதல்லவா? அதைக் காரணமாக வைத்துக்கொண்டு பையனையும் அழைத்துக்கொண்டு, பொதுப்பணி இலாகாவில் நெடுங்காலம் கட்டடங்கள் கட்டி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரையும் துணை சேர்த்துக்கொண்டு, தஞ்சாவூருக்குப் புறப்பட்டோம். தமிழுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் அது. அந்த ஊரில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு இசைக்கென்றே ஒரு புதிய மண்டபம் கட்டுவதானால் அது எப்படி இருக்க வேண்டும் என்பது, ரயிலில் நண்பர் தமக்குத்தாமே போட்டுக்கொண்ட கணக்கு.

ரயிலின் இருபுறமும் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. அரிவாள்கள் குறைந்து அறுவடை இயந்திரங்கள் பெருகிவிட்டன. வைக்கோல் மணம் மட்டும் மாறவில்லை.

முதலில் பெரிய கோயிலுக்குச் சென்றோம். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபோது கூடவே வெட்டிய கல்லணைக் கால்வாய், ஊர் ஜனங்கள் புது ஆறு என்று சொல்வது, கோயிலுக்கு அருகே ஓடுகிறது. 1010ஆம் ஆண்டு முற்றுப்பெற்ற இக்கோயிலின் கல்வெட்டுகளைப் படித்தால், ராஜராஜன் கல்லை மட்டும் அடுக்கவில்லை, ஒரு ஸங்கீத ஸ்தாபனத்தையே அடுக்கினான் என்று விளங்குகிறது. சோழ நாட்டுக் கோயில்களிலிருந்து 400 ஆடல் மகளிரை வரவழைத்து, கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் வீடு கொடுத்து, ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று விதித்தான். அவர்களுடைய பெயரும், இந்தத் தெருவில் இந்த வீடு என்ற விவரமும், வந்த ஊரும் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. திருவாரூரிலிருந்தும் திருவையாற்றிலிருந்தும் வந்தவர்கள் பலர். ஆக, அவர்களுக்கு மட்டும் ஆண்டுக்கு 40,000 கலம். திருப்பதியம் பாடுவதற்கும் உடன் கொட்டுவதற்கும் 50 பேர். அவர்களுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல். நட்டுவர், குழலூதுவோர், கொட்டுவோர் வேறு. காவேரி வண்டலில் விளைந்த நெல் இப்படித்தான் நாதமாக மாறிற்று.

விமானத்தின் மேல் தளத்து உட்சுவரில் நாட்டியக் கரணங்களைச் சிற்பமாக வடித்திருக்கிறார்கள். அங்கே எல்லோரும் ஏறிப் பார்க்க இயலாது. படங்களில் நேயர்கள் கண்டிருக்கலாம். 108 கரணங்களில் 81 முடிந்திருக்கின்றன. மிச்சம் 27க்கும் கல்லைப் பதித்து இடம் விட்டிருக்கிறது, உளி படவில்லை. காரணம் எழுதி வைக்கவில்லை. "சக்கரவர்த்தி எடுத்த வேலையே பாக்கி நின்றிருக்கிறது; எங்கள் இலாகாவை மட்டும் எல்லோரும் குறை சொன்னீர்களே!" என்றார் நண்பர்.

ஆனால் கோயில் பிராகாரம் கச்சேரிக்கு ஏற்ற மண்டபம் அன்று. திறந்த வெளியில் ஒலி போனது போனதுதான். சுவரில் பட்டுத் திரும்பி வந்து கேட்பவனைத் தாங்குவதில்லை. நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் அது சரி. அவை நாலு வீதிக்கும் கேட்க வேண்டும் என்றே பிறந்த வாத்தியங்கள். வீணைக்கு அது காடு.

வீணைக்கு வேண்டிய இடம் அரண்மனையில் இருக்கிறது. நாயக்க மன்னர்கள் தொடங்கி மராட்டிய மன்னர்கள் விரிவாக்கிய அந்த அரண்மனையில், சரஸ்வதி மஹாலுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர்கூட ஸங்கீத மஹாலைத் தேடிப் போவதில்லை. அவ்வப்போது கைவினைப் பொருட்காட்சி நடப்பதுண்டு. கூட்டம் அப்போது பொம்மை வாங்க வரும். நாயக்கர் காலத்தது என்று சொல்லப்படும் இம்மண்டபத்தின் தூண்களையும் வளைவுகளையும் கனத்த சுவர்களையும் பார்த்தவுடன் நண்பர் பேச்சை நிறுத்திவிட்டார். பிறகு உள்ளங்கைகளைச் சேர்த்து ஒரே ஒரு தட்டுத் தட்டினார். கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் தட்டினார். பக்கத்தில் நின்றவர்கள் நம்மைப் பார்த்த பார்வையை இங்கே வர்ணிக்க விரும்பவில்லை.

இரகுநாத நாயக்கர் (ஆட்சி சுமார் 1600 முதல் 1634 வரை) தாமே வீணை வல்லவர்; 'ஸங்கீத ஸுதா' என்னும் நூல் அவர் பெயரால் வழங்குவது. அவர் மகன் விஜயராகவர் காலத்தில் வேங்கடமகி 72 மேளங்களை வகுத்தார். மராட்டியருள் துளஜா 'ஸங்கீத ஸாராம்ருதம்' செய்தார். இரண்டாம் சரபோஜி (1798 முதல் 1832 வரை) ஐரோப்பிய வாத்தியங்களையும் தருவித்து பாண்டு அமைத்தார். பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நால்வரும் அந்த ஸமஸ்தானத்தில் வளர்ந்தவர்கள். 1855இல் வாரிசு இல்லை என்று காரணம் காட்டிக் கும்பெனியார் ராஜ்யத்தை எடுத்துக்கொண்டபோது, பீரங்கியையும் கஜானாவையும் கணக்கெடுத்தவர்கள் ஸங்கீதத்தைக் கணக்கெடுக்கவில்லை. வித்வான்கள் சென்னைப் பட்டணத்தையும் மைசூரையும் நாடினார்கள். மண்டபம் இங்கே இருந்துவிட்டது. பாட்டு ரயில் ஏறிற்று.

சென்னையிலும் அதற்கு உடனே வீடு கிடைத்துவிடவில்லை. 1927இல் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது உடன் நடந்த ஸங்கீத மகாநாட்டின் தீர்மானத்தால் மியூஸிக் அகாடமி பிறந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் அது பந்தலிலும் இரவல் மண்டபங்களிலும் கச்சேரி நடத்திற்று. 1955இல் ஜவஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். கட்டடம் முடிந்தது 1962இல். செல்வர் நிறைந்த பட்டணத்திலேயே ஏழு வருஷம் ஆகியிருக்கிறது.

நிற்க, நண்பர் கை தட்டிய காரணத்தைச் சொல்லாமல் மேலே போவது நியாயமன்று. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895இல் ஒரு புதிய கலைக் காட்சிசாலை கட்டினார்கள். அதிலுள்ள பிரசங்க மண்டபத்தில் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் ஐந்தரை விநாடி நேரம் அது சுவர்களுக்கிடையே சுழன்றுகொண்டிருந்தது. அதற்குள் பேசுகிறவர் பத்துப் பதினைந்து வார்த்தை சொல்லியிருப்பார். வாலஸ் ஸபின் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் இதைக் கவனிக்கும்படி சொன்னார்கள். அவர் பக்கத்து நாடகசாலையிலிருந்து ஆசன மெத்தைகளை நடுநிசிக்குப் பிறகு சுமந்துவந்து, ஓர் ஆர்கன் குழலை ஊதி நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தை இரவெல்லாம் அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போட வேண்டும். தாம் உடுத்தியிருந்த கம்பளிச் சட்டைகூட ஒலியை விழுங்குகிறது என்று கண்டு, செய்த அளவுகளில் ஒரு பகுதியைத் தள்ளிவிட்டு, பிறகு எப்போதும் ஒரே உடையில் வந்தாராம்.

அவர் கண்டது சுலபமான கணக்கு. மண்டபம் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு ஒலி நீடிக்கும். மெத்தை, திரை, மரம், மனிதர் என்று ஒலியை விழுங்கும் பொருள்கள் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்குச் சீக்கிரம் அடங்கும். இந்தக் கணக்கைக் கொண்டுதான் 1900இல் பாஸ்டன் நகரத்து ஸிம்பொனி மண்டபம் கட்டினார்கள். இன்றும் உலகத்துச் சிறந்த மண்டபங்களில் அதைச் சேர்த்துச் சொல்கிறார்கள். அங்கே ஒலி ஏறத்தாழ இரண்டு விநாடி தங்குகிறது. நூறு வாத்தியங்கள் ஒன்றாகக் குழைய அது வேண்டும். வெறும் பேச்சுக்கு ஒரு விநாடியே மிகை. நம் ஸங்கீதத்துக்கு? ராகம் பாடும்போது நாதம் சற்றே தங்கினால்தான் சுகம். ஆனால் பிருகாவும் கல்பனா ஸ்வரமும் மிருதங்கச் சொல்லும் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர வேண்டும். ஒன்று முதல் ஒன்றரை விநாடிக்குள் இருந்தால் நலம் என்பது நமது அபிப்பிராயம். "பட்டுப் புடைவையும் அங்கவஸ்திரமும் நிறையக் கட்டிக்கொண்டு வந்தால் சுவருக்குச் செலவு குறையும்" என்பது நண்பருடையது.

மிருதங்கத்தின் கரணை இடுவதால் அதன் ஒலிகள் தந்தி வாத்தியத்தைப் போல் இயைந்து பிறக்கின்றன என்று 1920இலேயே உலகுக்கு எடுத்துக் காட்டியவர், திருச்சியில் பிறந்த ஸர் சி. வி. ராமன். வாத்தியத்துக்கு அத்தனை ஆராய்ச்சி செய்த காவேரிக் கரைப் புத்தி, அந்த வாத்தியம் வாசிக்கும் கூடத்தைப் பற்றி ஏன் இவ்வளவு அசட்டையாக இருக்கிறது என்பதுதான் நமக்கு விளங்கவில்லை.

நண்பர் மண்டபத்தின் ஒரு கோடிக்குப் போய் நின்றார். பையனை மற்றொரு கோடியில் நிற்க வைத்தோம். "பாடப்பா" என்றோம். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, தனக்கே கேட்டுக்கொள்வதுபோல, ஆதார ஷட்ஜத்தை மட்டும் பிடித்தான். அது போய்ச் சுதையில் பட்டு, வளைவுகளுக்கடியில் ஒரு கணம் நின்று, அப்படியே அடங்கிற்று. அவன் நிமிர்ந்து பார்த்தான். மெதுவாக ரிஷபத்துக்கு ஏறினான். கைவினைப் பொருள் பார்க்க வந்த ஒரு குடும்பம் அங்கேயே நின்றுவிட்டது. ஐந்து நிமிஷத்துக்குமேல் பாடவில்லை. பாடி முடித்தபின் அவன் நம்மிடம் ஒன்றும் கேட்கவும் இல்லை.

அரண்மனையை விட்டு வெளியே வந்ததும் ஆபிரகாம் பண்டிதரின் நினைவு வராமல் போகாது. 1859இல் தென்காசிச் சீமையில் பிறந்து, தஞ்சையில் ஸித்த வைத்தியராகப் பெரும் பெயரும் பொருளும் ஈட்டியவர். ராஜாக்கள் போன பின் அவர்கள் செய்த வேலையை ஒரு தனி மனிதர் செய்தார் என்றால் மிகையாகாது. 1912இல் தஞ்சையில் ஸங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, தம் சொந்தச் செலவில் வித்வான்களை வரவழைத்து மகாநாடுகள் நடத்தினார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய மகாநாட்டுக்குத் தம் குமாரத்திகளுடன் சென்று, தமிழர் சுருதி முறையை வீணையில் மெய்ப்பித்துக் காட்ட முயன்றார். 1917இல் 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. அவர் முடிவுகளை மறுத்தவர்கள் பலர். ஆனால் மறுப்பதற்கும் ஒரு சபை வேண்டும், அந்தச் சபையைக் கூட்டியவர் அவரே. 1919இல் காலமானார். 1929இல் கொள்ளிடத்துக்கு அப்பால் சிதம்பரத்தில் ராஜா ஸர் அண்ணாமலைச் செட்டியார் பல்கலைக்கழகம் கண்டபோது இசைக்கும் அங்கே ஓர் ஆசனம் கிடைத்தது. 1941இல் தமிழிசை மகாநாடும் அங்கேதான் கூடிற்று.

தஞ்சையின் சொந்தப் பல்கலைக்கழகம் 1981 செப்டம்பர் 15இல் பிறந்தது. அதன் சில பிரிவுகள் அரண்மனை வளாகத்திலேயே இயங்கியதுண்டு. பிரதான வளாகம் ஊருக்கு மேற்கே, திருச்சிச் சாலையில், வல்லத்துச் செம்மண் மேட்டில் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கரில் பரந்திருக்கிறது. வயலும் வாய்க்காலும் பார்த்த கண்ணுக்கு அந்த வறண்ட மேடு வேறொரு தேசம்போல் தோன்றும். ஆகாயத்திலிருந்து பார்த்தால் 'தமிழ்நாடு' என்ற எழுத்துக்கள் தெரியும்படி கட்டடங்களைத் திட்டமிட்டார்கள் என்று சொல்வார்கள். தரையில் நடந்துபோகிற நமக்கு எழுத்துத் தெரியவில்லை, வெயில் தெரிந்தது. இசைக்கும் நாடகத்துக்கும் சிற்பத்துக்கும் தனித்தனித் துறைகள் கண்ட பல்கலைக்கழகம் இது. கரிகாற்சோழன் பெயரால் ஒரு கலையரங்கமும் இருக்கிறது. பட்டமளிப்பு விழா, கருத்தரங்கு, கலை நிகழ்ச்சி எல்லாம் பொதுவாக அங்கே நடப்பவை. பொது அரங்கம் என்பது எங்கும் தேவைதான். ஆனால் பேச்சுக்கு வகுத்த அரங்கில் பாட்டு வறண்டுபோகும். பாட்டுக்கு வகுத்ததில் பேச்சுக் குழறும். இரண்டுக்கும் ஒன்றே போதும் என்று சொல்வது, சமையலறையிலேயே நெல் மூட்டையையும் அடுக்கிக்கொள்ளலாம் என்பது போல.

மறுநாள் திருவையாறு. தஞ்சையிலிருந்து வடக்கே எட்டு மைல் தூரத்துக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவேரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டவேண்டும். ஐயாறப்பர் கோயில் பிராகாரத்தின் தென்மேற்கு மூலையில் நின்று 'ஐயாறா' என்று கூவினால் ஏழு தடவை எதிரொலிக்கும் என்பது பிரஸித்தம். பையன் கூவினான். நாம் ஐந்து எண்ணினோம். நண்பர் நான்கு என்றார். பக்கத்திலிருந்த ஒரு பாட்டி ஏழு என்று அடித்துச் சொன்னார். பையன் மட்டும் வேறொன்று சொன்னான்: "ஸார், நம்ப கல்யாண மண்டபமும் இதுதான்!"

உண்மையே. கூப்பிட்ட குரலுக்கு ஸ்வாமி திரும்பத் திரும்பப் பதில் சொல்லுவது பக்தனுக்கு ஆனந்தம். பாடகனுக்கு அதுவே சத்துரு. கோயிலில் கல்லைச் செதுக்கி வருவித்த எதிரொலியை, கல்யாண மண்டபத்தில் காசு கொடுத்துச் சிமெண்டுப் பூசி வருவித்திருக்கிறோம்.

காவேரிக் கரையில் தியாகராஜ ஸ்வாமிகளின் ஸமாதி. 1847இல் அவர் ஸித்தியடைந்த பின் எழுபது ஆண்டுக்கு மேல் இந்த இடம் உரிய கட்டடமின்றி இருந்தது. ஒரு பெண்மணிதான் கட்டினார்: பெங்களூர் நாகரத்தினம்மாள். 1921இல் அஸ்திவாரம் போட்டு 1925இல் கும்பாபிஷேகம் செய்வித்தார். தாம் பாடி ஈட்டிய பொருளையெல்லாம் இதிலே கொட்டினார். கட்டிக் கொடுத்தவருக்கு அங்கே ஆராதனையில் பாட அநுமதி இல்லை. பெண்கள் பாடக்கூடாது என்று கட்சி கட்டியிருந்தார்கள். அவர் சண்டை போட்டார், பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். 1940ஐ ஒட்டிக் கட்சிகள் ஒன்றுபட்டபோதுதான் வழி திறந்தது. 1952இல் காலமான அம்மையாரின் நினைவிடமும் ஸமாதிக்கு எதிரிலேயே இருக்கிறது. நமது தேசத்தில் ராஜாவும் ஜமீன்தாரும் கட்டிய மண்டபங்களைப் பற்றிப் பெருமை பேசுகிறோம். இதை முதலில் பேசவேண்டும் என்பது நமது தாழ்மையான விண்ணப்பம்.

ஆராதனை நாளில் வருஷந்தோறும் பந்தல் போடுகிறார்கள். வித்வான்கள் வரிசையாக அமர்ந்து பஞ்சரத்தினம் பாட, சுற்றியிருப்பவர்கள் தெரிந்த மட்டும் கூடவே பாடுகிறார்கள். பந்தலுக்குச் சுவர் கிடையாது. நாதம் ஆற்றின் மேல் போய்விடுகிறது. ஆனால் அன்று அங்கே யாருக்கும் சுவர் வேண்டியிருக்கவில்லை. ஆயிரம் பேர் சேர்ந்து பாடும்போது பக்கத்தில் இருப்பவர்தாம் சுவர். பையன் நமக்கு முன் வரிசையில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து வாய்விட்டுப் பாடினான்.

திரும்பும்போது பஸ்ஸில் நண்பர் ஆராதனை விளம்பரத் தாளின் பின்புறத்தில் பென்ஸிலால் மண்டபம் போட ஆரம்பித்தார். நானூறு பேருக்கு மேல் வேண்டாம். அகலம் குறைவாக, உயரம் தாராளமாக. சுவர்கள் சிமெண்டு வழவழப்பில்லாமல் சுண்ணாம்புச் சுதையாக, நடுநடுவே மரம். கூரை தட்டையாக இராமல் மரச் சட்டமிட்ட சாய்வு. ஜன்னல்கள் ஒன்றுக்கொன்று நேரெதிராக வேண்டாம். வெண்ணாற்றுப் பாலத்தில் வண்டி குலுங்கியதில் ஒரு தூண் கோணலாயிற்று. அப்படியே இருக்கட்டும் என்றார்.

பையன் எட்டிப் பார்த்தான். "ஐயா, இதில் தவில் எங்கே உட்காரும்?"

நண்பர் பதில் சொல்லவில்லை. உண்மையில் தவிலும் நாகஸ்வரமும் அந்தக் கூடத்துக்குள் வாசித்தால் காது அடைத்துப்போகும். சிறிது நேரம் பென்ஸிலைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு கிழக்குச் சுவரை ரப்பரால் அழித்துவிட்டு, அந்தப் பக்கம் பெரிய கதவுகள் போட்டு, கதவுகளுக்கு வெளியே திறந்த முற்றம் ஒன்றும், முற்றத்தைச் சுற்றித் திண்ணையும், ஓரமாக ஒரு புன்னை மரமும் வரைந்தார். பையன் மரத்தடியில் ஒரு வட்டம் போட்டான். அது தவிலாம்.